ஒரு விளம்பர இடைவேளைக்குப் பிறகு போர் தொடரும்

ஒரு நாட்டின் மீது படையெடுக்க நல்ல நேரம் பார்க்கப் பஞ்சாங்கம் புரட்ட வேண்டியதில்லை. இரவு எட்டுக்கு மேல், ஒன்பதுக்குள். தமிழ்ச் செய்திச் சேனல்களுக்கு ராகுகாலம், எமகண்டம், குளிகை எதுவும் கிடையாது. விவாத நேரம் ஒன்றுதான் உண்டு. அந்த நேரத்துக்குள் உலகத்தில் எங்காவது யாராவது யாரையாவது காப்பாற்றுகிறேன் என்று விமானம் ஏறிவிட்டால் போதும், அன்றைக்குக் கல்லா நிறைந்துவிடும்.

2025 ஜூன் 22 அப்படி ஒரு நாள். அன்று விடிவதற்குள் அமெரிக்காவின் பி-2 விமானங்களும் நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து ஏவிய ஏவுகணைகளும் ஈரானில் ஃபோர்டோ, நடான்ஸ், இஸ்ஃபஹான் மூன்று இடங்களிலும் வேலையை முடித்துவிட்டிருந்தன. மாலையில் நான் திருவண்ணாமலையில், தேரடி வீதியை ஒட்டிய சந்தில், ஒரு சலூன் நாற்காலியில் கழுத்துவரை வெள்ளைத்துணி போர்த்தி உட்கார்ந்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை, கூட்டம். 'அரசியல் பேசாதீர்' பலகையின் மேல் ஒரு நகைக்கடைக் காலண்டர் தொங்கியது. பேசலாம் என்று அர்த்தம்.

டிவி எனக்குப் பின்னால் சுவரில். எனவே நான் போரைக் கண்ணாடியில்தான் பார்த்தேன். வரைபடம் இடவலம் மாறித் தெரிந்தது. ஆப்கானிஸ்தான் ஈரானுக்கு மேற்கே போய்விட்டது. ஈராக் கிழக்கே வந்துவிட்டது. அதனால் விவாதத்துக்கு எந்தக் குறையும் வரவில்லை. மேசையைச் சுற்றி ஐந்து பேர்: நெறியாளர், கட்சிக்காரர் இருவர், 'சர்வதேச நோக்கர்' ஒருவர், ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி ஒருவர். சனிப்பெயர்ச்சிதான் காரணம் என்று விளக்க இன்னொருவர் தொலைபேசியில் காத்திருந்தார். திரையில் ஒரு கார்ட்டூன் குண்டு, கார்ட்டூன் மலையைக் குடைந்து கொண்டு இறங்கியது. ஒவ்வொன்றும் 13,000 கிலோவுக்கு மேல், மொத்தம் 14 போட்டார்கள், 60 மீட்டர் ஆழம் துளைக்கும் என்று நெறியாளர், பெண்வீட்டுக்காரர் சீர்வரிசை எடுத்து வைப்பதுபோல் அடுக்கினார்.

முடிவெட்டும் தம்பி கத்தரியை நிறுத்திவிட்டுக் கேட்டான்: "சார், நம்ம மல தாங்குமா சார்?"

பக்கத்து நாற்காலியில் முகம் முழுக்க நுரையோடு இருந்த ரியல் எஸ்டேட் புரோக்கருக்கு ரோஷம் வந்துவிட்டது. "யோவ், அது ஈசன்யா!" என்றவர், அதே மூச்சில், "நம்மாளுங்களும் இப்டி உள்ள பூந்து ஒரு தட்டு தட்டணும் சார்" என்றார்.

"எங்க உள்ள?" என்றேன்.

கொஞ்சம் யோசித்தார். "எங்கியாவது."

இந்த 'எங்கியாவது' அந்த மனிதர் கண்டுபிடித்ததில்லை. டிவி மாலை தவறாமல் ஊட்டி வளர்த்தது. அதற்கு முந்தைய மே மாதத்தை நினைத்துப் பாருங்கள். பாகிஸ்தானோடு மோதல் நடந்த அந்த நாட்களில் பல இந்தியச் சேனல்கள் கராச்சித் துறைமுகத்தையே தரைமட்டமாக்கின. காலையில் பார்த்தால் கராச்சி, கராச்சியிலேயே இருந்தது. விமானத் தாக்குதல் எச்சரிக்கைச் சங்கை நிகழ்ச்சிக்குப் பின்னணி இசையாகப் போட்டுப் போட்டு, தயவுசெய்து அதை நிறுத்துங்கள், உண்மையில் சங்கு ஊதும்போது மக்கள் டிவி என்று நினைத்துக்கொள்வார்கள் என்ற பொருளில் உள்துறையின் சிவில் பாதுகாப்புப் பிரிவு கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. உயிர் காக்கும் சங்கையும் டி.ஆர்.பி.க்கு ஊதிய மகான்கள். மன்னிப்புக் கேட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்றவர்கள் இடைவேளை விட்டார்கள். இடைவேளையில் கிரிவலப் பாதைக்கு மிக அருகில் வீட்டுமனை, உடனடிப் பத்திரப்பதிவு.

அன்றைய விவாதத்தில் ஓய்வுபெற்ற அதிகாரி, எல்லாரும் சொல்வதைப்போல, 1971-ஐ எடுத்தார். வங்கதேசம். எடுக்கட்டும், அது அவர் உரிமை. நியாயமும்கூட. ஒரு கோடிப் பேர் அகதிகளாக வந்தார்கள், போர் முடிந்ததும் பெரும்பாலோர் ஊர் திரும்பினார்கள், 1972 மார்ச்சில் இந்தியப் படையும் திரும்பிவிட்டது. 1988 நவம்பரில் மாலத்தீவு, அதையும் சொன்னார். போனார்கள், முடித்தார்கள், வந்தார்கள். 1971-க்கும் 1988-க்கும் நடுவில் ஒரு பெரிய சங்கதி இருக்கிறதே, அதை எப்படித் தாண்டினார் என்றால், கிரிவலத்தில் போகிறவர் சாணியைப் பார்த்ததும் கால்மாற்றுவாரே, அந்த லாவகத்தோடு. தமிழ்நாட்டில், தமிழ்ச் சேனலில், தமிழில் பேசிக்கொண்டு, இலங்கைக்குப் போன இந்திய அமைதிப்படையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நெறியாளரும் கேட்கவில்லை. அவருக்கு அப்போது பால்பல் முளைத்திருக்காது, மன்னித்துவிடலாம். அதிகாரிக்கு நரைத்த மீசை. அவரை எப்படி மன்னிப்பது?

சலூனை விட்டு வெளியே வந்தால் ராஜகோபுரம், பதினோரு நிலை, 217 அடி. அதன் கீழே தேங்காய் பழம் விற்பவர்களுக்கும் செருப்பு விடுபவர்களுக்கும் தெரியாது, பாவம், தாங்கள் நிற்பது ஒரு பழைய கோட்டை வாசல் என்று. பதினெட்டாம் நூற்றாண்டில் இந்தக் கோயிலின் மதில்கள் பக்தர்களைவிடச் சிப்பாய்களுக்குத்தான் அதிகம் பயன்பட்டன. ஆற்காட்டு நவாப் பட்டத்துக்குச் சண்டை. 1749-இல் ஆம்பூரில் அன்வருதீன் கொல்லப்பட்டார். சந்தா சாகிபுக்கு 'உதவி' செய்யப் பிரெஞ்சுக்காரர்கள், முகமது அலிக்கு 'உதவி' செய்ய ஆங்கிலேயர்கள். உதவி என்றால் உதவி, அப்படி ஒரு உதவி. மராட்டிய முராரி ராவ் வந்து முற்றுகையிட்டார், நவாபின் உறவுக்காரர் வந்தார், 1757-இல் பிரெஞ்சுத் தளபதி சூப்பீர் வந்தார், 1760-இல் ஆங்கிலேயக் கேப்டன் ஸ்டீபன் ஸ்மித் வந்தார். 1767 செப்டம்பரில் ஹைதர் அலியும் நிஜாமும் ஒரு பக்கம், கர்னல் ஜோசப் ஸ்மித் மறுபக்கம், ஊருக்கு வெளியே பெரும் போர். மூன்றாம் மைசூர்ப் போரில் திப்பு வந்தார். வந்தவர் எவரும் எங்கள் ஊர்மேல் பகை கொண்டு வரவில்லை. எல்லாரும் நல்ல எண்ணத்தோடு, யாரையோ காப்பாற்றத்தான் வந்தார்கள்.

ஜெயித்தவர் முகமது அலி என்று பாடப்புத்தகம் சொல்லும். உதவிக்கு வந்த படையின் செலவுக் கணக்கு அவர் பெயரில் ஏறியது. கட்ட முடியாமல் கடன் வாங்கினார். கடன் கொடுத்தவர்கள் யார்? அதே கம்பெனியின் உத்தியோகஸ்தர்கள், பால் பென்ஃபீல்டு போன்ற தர்மவான்கள். ஆற்காட்டுச் சீமையின் வரி வசூல் அடகுக்குப் போயிற்று. கேழ்வரகு விளைந்த களத்திலேயே அளந்துகொண்டு போனார்கள். 1785-இல் லண்டன் நாடாளுமன்றத்தில் எட்மண்ட் பர்க் எழுந்து, ஆற்காட்டு நவாபின் கடன் என்கிற இந்த மோசடியைப் பற்றி மணிக்கணக்கில் பேசித் தீர்க்கிற அளவுக்கு ஊழல் நாறியது. அதனால் ஒன்றும் ஆகவில்லை. 1801-இல் சீமையையே எழுதி வாங்கிக்கொண்டார்கள். காப்பாற்றப்பட்டவரின் வாரிசு சேப்பாக்கம் அரண்மனையில் இருந்தார், காப்பாற்றியவர் கையில் கர்நாடகம் இருந்தது.

அந்தக் கதை பழசு, ஆசாமிகள் செத்துவிட்டார்கள். 1987-இன் ஆசாமிகள் நம் நடுவே இருக்கிறார்கள். அதைத்தான் பேச வேண்டும்.

அப்போது எங்கள் தெருவில் டிவி இருந்த வீடுகள் குறைவு. சென்னை அலைவரிசை இங்கே சுலபத்தில் எட்டாது. மொட்டை மாடியில் அலுமினியக் குழாய் நட்டு, ஒருவர் மேலே ஆன்டெனாவைத் திருப்ப, கீழே இருந்து "வந்துச்சு, வந்துச்சு, போச்சு" என்று கத்துவோம். வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும். ஞாயிற்றுக்கிழமை காலை ராமாயணம். இந்தி புரியாவிட்டாலும் கதை புரியுமே. ராமானந்த் சாகரின் அந்தத் தொடர் 1987 ஜனவரியில் தொடங்கி 1988 ஜூலை வரை ஓடியது. நடுவில், 1987 ஜூலை கடைசியில், உண்மையான சேனை ஒன்று கடலைத் தாண்டி உண்மையான இலங்கையில் இறங்கியது. ஞாயிறு காலை திரையில் லங்கையை நோக்கிப் போகும் வானர சேனை, ராத்திரி செய்தியில் யாழ்ப்பாணத்தில் நடக்கும் அமைதிப்படை. இந்த ஏற்பாட்டை எந்த அதிகாரியும் திட்டமிட்டிருக்க மாட்டார், அவ்வளவு மூளை இருந்திருந்தால் படையையே அனுப்பியிருக்க மாட்டார்கள். ஒரு வித்தியாசம் மட்டும். அந்தச் சேனைக்கு விபீஷணன் ஒருவன்தான், கடைசிவரை அவனே. நம் சேனைக்கு விபீஷணன் மாறிக்கொண்டே இருந்தான்.

தொடக்கத்தில் எல்லாம் பூமாலைதான். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நடவடிக்கையின் பெயரே அதுதான். யாழ்ப்பாணத்தில் முற்றுகை, பட்டினி. 1987 ஜூன் 3-ஆம் தேதி ராமேசுவரத்திலிருந்து நிவாரணப் பொருட்களோடு போன படகுகளை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியது. மறுநாள் ஐந்து ஏ.என்.-32 விமானங்கள், மிராஜ் போர்விமானங்கள் காவலோடு, யாழ்ப்பாணத்தின் மேல் ஏறத்தாழ 25 டன் பொருட்களைப் போட்டன. இங்கே பட்டாசு வெடித்தோம். நானும் வெடித்தேன். ஜூலை 29-இல் கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் கையெழுத்துப் போட்டார்கள். ஈழத்தமிழர் பிரச்சினைக்குத் தீர்வு. கையெழுத்துப் போட்டவர்களில் ஈழத்தமிழர் ஒருவர்கூட இல்லை. கல்யாண மண்டபம் பேசி, பந்தி பரிமாறி, தாலியும் கட்டியாயிற்று, பெண்ணிடம் மட்டும் கேட்கவில்லை. மறுநாள் கொழும்பில் அணிவகுப்பைப் பார்வையிட்ட ராஜீவை ஒரு சிங்களக் கடற்படைச் சிப்பாய் துப்பாக்கிக் கட்டையால் அடித்தான். ஒப்பந்தத்தைப் பற்றி அந்தத் தீவின் தென்பகுதி என்ன நினைத்தது என்று டெல்லிக்குக் கிடைத்த முதல் தகவல் அறிக்கை அது.

யாழ்ப்பாணத்தில் மாலை போட்டு வரவேற்றார்கள். அது பொய்யில்லை. செப்டம்பர் 26-இல் நல்லூரில் விடுதலைப் புலிகளின் திலீபன் உண்ணாவிரதத்தில் செத்தார். அக்டோபர் 5-இல் பலாலியில் கைதிகளாக இருந்த புலிகளில் பன்னிரண்டு பேர், குமரப்பா, புலேந்திரன் உள்பட, நஞ்சு உண்டு செத்தார்கள். அக்டோபர் 10-இல் அமைதிப்படை புலிகளோடு போரைத் தொடங்கியது. முதல் வேலையாக யாழ்ப்பாணத்தில் பத்திரிகை அச்சகங்களைக் குண்டு வைத்துத் தகர்த்தது. அமைதி என்றால் சத்தம் இருக்கக் கூடாதல்லவா?

சில வாரங்களில் முடித்துவிடலாம் என்று தளபதிகள் கணக்குச் சொன்னதை அன்றைய தூதர் ஜே.என். தீட்சித் பிறகு எழுதினார். பல்கலைக்கழக மைதானத்தில் இருட்டில் இறக்கிய சீக்கியப் படைப்பிரிவின் முப்பது பேரில் உயிரோடு மிஞ்சியவர் ஒருவர். அந்த இருபத்தொன்பது வீட்டுக்கும் இந்தக் கணக்கை யார் போய்ச் சொன்னார்கள்? அக்டோபர் 21, தீபாவளி. இங்கே நாங்கள் எண்ணெய் தேய்த்துக் குளித்துக்கொண்டிருந்த நாளில், அமைதிப்படை யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குள் நுழைந்து சுட்டதில் நோயாளிகள், தாதியர், டாக்டர்கள் என்று ஏறத்தாழ எழுபது பேர் செத்தார்கள். மறுநாள் காலையில் தாதிகளை அழைத்துக்கொண்டு, நாங்கள் டாக்டர்கள், சரணடைகிறோம் என்று சொல்லியபடி வெளியே வந்த டாக்டர் சிவபாதசுந்தரத்தையும் சுட்டார்கள். புலிகள் உள்ளிருந்து சுட்டார்கள், நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் செத்தார்கள் என்றது இந்தியத் தரப்பு. கையைத் தூக்கிக்கொண்டு வந்த டாக்டர் எந்த நடுவில் மாட்டிக்கொண்டார்?

எங்கள் தெரு டிவியில் அன்றைக்கு இது வரவில்லை. தீபாவளிச் சிறப்பு நிகழ்ச்சி வந்தது. அடுத்த வீட்டு வாத்தியார் ரேடியோவில் பி.பி.சி. தமிழோசை, வெரித்தாஸ் வைத்துக் கேட்பார். கரகரவென்று, அலை போய்ப் போய் வரும். படம் தெளிவாகத் தெரிந்த பெட்டி பொய் சொன்னது, குரலே சரியாகக் கேட்காத பெட்டி உண்மை சொன்னது. வாத்தியார் வீட்டுத் திண்ணையில் நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள், டிவி வீட்டில் நாற்பது பேர்.

பிறகு எல்லாம் சரசரவென்று சரிந்தது. 1989 ஆகஸ்ட் 2-இல் வல்வெட்டித்துறையில் புலிகள் இந்தியச் சிப்பாய்கள் ஆறு பேரைக் கொன்றதற்குப் பதிலாக ஊர்மக்கள் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். ஒப்பந்தத்தின் பேரில் வடகிழக்கில் அமைந்த வரதராஜப்பெருமாளின் மாகாண அரசைக் காப்பாற்ற, தெருவில் போகிற பிள்ளைகளைப் பிடித்துத் 'தமிழ்த் தேசிய ராணுவம்' கட்டினார்கள். டியூஷனுக்குப் போன பையன் துப்பாக்கியோடு திரும்பினான், அல்லது திரும்பவில்லை. இந்தப் பக்கம் இலங்கை ஜனாதிபதி பிரேமதாசா, இந்தியப் படையை விரட்டப் புலிகளுக்கே ஆயுதம் கொடுத்தார். புலிகள் வாங்கிக்கொண்டார்கள். வெட்கம் யாருக்கும் இல்லை. இரு தரப்பின் அநியாயங்களையும் 'முறிந்த பனை'யில் சகாக்களோடு சேர்ந்து எழுதிய யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து ரஜனி திரணகம 1989 செப்டம்பரில் சைக்கிளில் வீடு திரும்பும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். செய்தது புலிகள் என்றார்கள் அவருடைய சகாக்கள். எல்லாருக்கும் எதிரியாகிற அளவுக்கு நேர்மையாக இருந்த ஒருவருக்கு அந்த ஊரில் இடமில்லை.

1990 மார்ச் 24-இல் கடைசி அணி திருகோணமலையில் கப்பலேறிச் சென்னை வந்தது. வரவேற்கப் போகமாட்டேன் என்றார் முதல்வர் கருணாநிதி, போகவில்லை. இந்தியச் சிப்பாய்கள் ஏறத்தாழ 1,200 பேர் செத்திருந்தார்கள். ராணுவத்துக்கு ஆள் அனுப்பிப் பழகிய மண் இந்தப் பழைய வட ஆற்காடு. போன பையன்களுக்கு யாழ்ப்பாணத்தில் மொழிபெயர்ப்பாளரா வேண்டும், கடவுளே, அங்கே குழந்தை அழுத பாஷை அவர்கள் அம்மா தாலாட்டிய பாஷை. அனுப்பிய மந்திரிகள், கணக்குச் சொன்ன தளபதிகள் யாருக்கும் பென்ஷன் நிற்கவில்லை.

அமெரிக்கா 2003-இல் ஈராக்குக்குப் படை அனுப்பு என்று இந்தியாவைக் கேட்டது. அந்த ஜூலையில் வாஜ்பாய் அரசு முடியாது என்றது. பேரழிவு ஆயுதம் இருக்கிறது என்று ஐ.நா. சபையில் காலின் பவல் குப்பியைத் தூக்கிக் காட்டியும் மயங்காமல் இருந்ததற்கு யாழ்ப்பாணம்தான் காரணமா, எனக்குச் சொல்ல வராது. காரணம் எதுவானாலும், நல்ல காரியம். அதை எந்த விவாதத்திலும் யாரும் பெருமையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. போகாத படைக்கு கிராபிக்ஸ் போட முடியாது.

கிரிவலப் பாதை பதினான்கு கிலோமீட்டர். பௌர்ணமிக்கு லட்சக்கணக்கில் நடக்கிறார்கள். பாதி தூரம் தாண்டினால் அடி அண்ணாமலை. பக்தர்கள் அங்கே ஆதி அருணாசலேசுவரரைக் கும்பிட்டுவிட்டு நகர்வார்கள். அதே ஊரில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. 2021-இல் தமிழ்நாடு அரசு பெயரை மாற்றி 'மறுவாழ்வு முகாம்' ஆக்கியது, குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500, பெரியவர்களுக்கு 1,000, பிள்ளைகளுக்கு 500 என்று பணக்கொடையை உயர்த்தியது. வேண்டாம் என்று சொல்லவில்லை. தமிழ்நாடு முழுக்க இப்படி முகாம்களில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர். 1991-இல் திருப்பெரும்புதூரில் ராஜீவைப் புலிகள் கொன்ற மறுநாளிலிருந்து, புலிகளை ஒருநாளும் கண்ணால் பார்த்திராத கிழவிகள்கூடப் போலீசின் கியூ பிரிவுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்களானார்கள்.

இவர்களின் பிள்ளைகள் இங்கேயே பிறந்தார்கள், இங்கேயே பத்தாம் வகுப்பு எழுதினார்கள், நம்மைவிடச் சுத்தமாக வட ஆற்காட்டுத் தமிழ் பேசுகிறார்கள். குடியுரிமை? 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்தவர் இந்தியர். அதற்குப் பிறகென்றால் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். அதே ஜூலை மாதக் கடைசியில்தான் தமிழர்களைக் காப்பாற்றக் கப்பல் ஏறினோம். வாசலை அடைத்துவிட்டு விருந்துக்கு அழைத்த மாதம் அது. 2019-இல் பக்கத்து நாட்டு அகதிகளுக்கென்றே குடியுரிமைத் திருத்தச் சட்டம் கொண்டுவந்தார்கள். பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான். படையையே அனுப்பிக் காப்பாற்றிய நாட்டின் பெயர் பட்டியலில் இல்லை. எங்கியாவது பூந்து தட்டணும் என்கிறவருக்கு, தன் மனை விளம்பரப் பலகையிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் இந்த முகாம் இருப்பது தெரியும். நல்ல இடம் சார், முகாமை மட்டும் எடுத்துட்டா ரேட்டு ஏறிடும் என்று அவரே இன்னொரு நாள் என்னிடம் சொன்னார்.

அந்த 1987 ஒப்பந்தத்தில் தமிழர்களுக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால் பதின்மூன்றாவது திருத்தம், மாகாண சபை என்பார்கள். வடக்கும் கிழக்கும் இணைந்ததை 2006-இல் இலங்கை உச்ச நீதிமன்றம் பிரித்துவிட்டது. வடக்கு மாகாண சபைக்கு 2013-இல் ஒரு தேர்தல் நடந்தது. 2018-இல் காலம் முடிந்தது. அதற்குப் பிறகு தேர்தலே இல்லை. ஆனால் ராஜீவும் ஜெயவர்த்தனாவும் அன்று கடிதங்களும் மாற்றிக்கொண்டார்கள். அவற்றில் தமிழர்களைவிடத் திருகோணமலை அதிகம்: துறைமுகத்தை இந்தியாவுக்கு ஆகாதவர்களுக்கு விடக் கூடாது, அங்கே உள்ள எண்ணெய்த் தொட்டிகளை இரு நாடும் சேர்ந்து சீர்செய்ய வேண்டும். பிரிட்டிஷார் கட்டிய தொட்டிகள், மொத்தம் 99. 2022 ஜனவரியில் அவற்றுக்கு ஒப்பந்தம் முடிந்தது. லங்கா ஐ.ஓ.சி.க்கு 14, இலங்கைப் பெட்ரோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, இருவருக்கும் பொதுவில் 61. ஒரு தொட்டியிடமும் யாரும் பிறப்புச் சான்றிதழ் கேட்கவில்லை.